ஊரில் கல்லூரி இருந்தாலும்

கெப்பாலா பத்தாஸ் பிள்ளைகளுக்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி தூரமில்லை. பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி, பொங்சு செரிபுவில், ஊரை ஒட்டியே இருக்கிறது. உள்ளே நுழைவதுதான் பாடு. 90 விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு, மீதி 10 விழுக்காடு மற்ற அனைவருக்கும். எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தால் இனப் பாகுபாடின்றி இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆறு ஏ எடுத்த பிள்ளை எங்கே போகும்?

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் எங்கள் வானொலிக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். பெரும்பாலும் அம்மாக்கள் கேட்கிறார்கள்.

இதற்கு விடை தேடியவர்களில் ஸ்ரீ முருகன் நிலையத்தை முதலில் சொல்ல வேண்டும். 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜாவும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது. பாடம் நடத்துவோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும்தான். வார இறுதியில் வகுப்பு, கூடவே வழிபாடு, தன்னம்பிக்கைப் பேச்சு. ஆண்டுதோறும் பத்துமலையில் கல்வி யாத்திரையும் உண்டு. பக்தியையும் பாடத்தையும் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை வகுப்புக்கு வருகிறதே, அது போதும் எனக்கு.

இருபது வயது ஆசிரியரிடம் ஒரு பலம் இருக்கிறது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்ற பயத்தை அவரும் அண்மையில்தான் கடந்து வந்தவர். யு.பி.யு. விண்ணப்பத்தில் எந்தத் துறையை முதலில் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்.

ஆறாம் படிவத்தை நாம் இன்னும் இரண்டாந்தரமாகவே பார்க்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு இன ஒதுக்கீடு இல்லை. அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம், செலவும் குறைவு. மூன்று தவணை, கடினமான எஸ்.டி.பி.எம். தேர்வு, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. இதை ஒரு மூத்த மாணவர் சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள். நான் வானொலியில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பாட்டு கேட்கிறார்கள்!

நுழைந்த பிறகும் கவலை தீர்வதில்லை. பி.டி.பி.டி.என். கடனுதவி கைக்கு வரும்வரை விடுதிக் கட்டணம், சாப்பாடு, பேருந்துக் காசு எல்லாம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். முதல் பருவத்தில் மதிப்பெண் சரிந்தால், "வேலைக்கே போயிடுறேம்மா" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த நேரத்தில் பழைய குறிப்புகளோடு விடுதி அறைக் கதவைத் தட்ட ஒரு சீனியர் வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிடும் நம் டியூஷன் வகுப்புகள் அந்தக் கதவுவரை போவதில்லை. கெப்பாலா பத்தாஸிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை ஊர்க் கோயில் நிர்வாகம் வைத்திருந்தாலே, இவ்வாண்டு போகும் பிள்ளைக்கு யாரை அழைப்பதென்று தெரியும்.