வரப்பெலியும் கடைத்தெரு எலியும் ஒன்றே!



ஆடி மாதம் பிறந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குச் சென்னையிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவதை நீங்கள் அறிவீர்கள். பொங்கலிட்டு, உண்டு, வேண்டுதலை முடித்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பிய பின்னர், சிந்திய சோறும் தேங்காய்ச் சில்லும் தெருவோரத்தில் கிடக்கும். இரவானதும் அதைத் தேடி வேறொரு கூட்டம் வந்து சேரும். அதுதான் எலிக் கூட்டம்.

"ஊருக்குள் திரியும் எலியை ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும், நமக்கு வயல் எலிதானே தொல்லை" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணத்தால் நமக்கே நட்டம். அதன் காரணத்தையும், செய்ய வேண்டிய முறைகளையும் இங்கே காண்போம்.

இரண்டும் ஒரே எலி

நெல் வயல் வரப்பில் வளை தோண்டி, வாயிலில் மண்ணைக் குவித்து, கதிர்களை உள்ளே சேமிக்கும் வரப்பெலியை விஞ்ஞானிகள் 'பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்' என்பர். 'பாண்டிகோட்டா' என்ற பெயர், பன்றி எலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. இதே எலிதான் கல்கத்தா, பம்பாய் போன்ற பெருநகரங்களின் தானியக் கிடங்குகளிலும் குடியேறியது. கல்கத்தா கிடங்குகளில் இந்த எலியைப் பற்றி 1960ஆம் ஆண்டுகளிலேயே விரிவான ஆராய்ச்சி நடந்துள்ளது.

ஆகவே, அறுவடை முடிந்து வயலில் இரை குறைந்ததும் எலி களத்துமேட்டையும் வீட்டையும் கடையையும் நாடும். அடுத்த பயிர் வளர்ந்ததும் மீண்டும் வயலுக்குத் திரும்பும். வயலும் கடைத்தெருவும் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் ஓரிடத்தில் மட்டும் ஒழித்தால் மற்ற இடத்திலிருந்து வந்து நிரம்பிவிடும்.

பெருக்கமும் நோயும்

எலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். அக்குட்டிகளும் சுமார் மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், பசியில்லாத போதும் மரத்தையும் கோணிப்பையையும் மின்கம்பியையும் கொறித்துக்கொண்டே இருக்கும்.

தின்பதைவிடப் பெரிய கேடு அதன் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல். சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்த கிருமி, காலிலுள்ள சிறு புண் வழியே உடலுக்குள் புகும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் சதையில் கடும் வலியும் கண் சிவப்பும் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். சேற்றில் வேலை செய்ததையும் மருத்துவரிடம் கூறவும். தொடக்கத்தில் எளிதாகக் குணப்படுத்தலாம். காலம் தாழ்த்தினால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படும்.

வீட்டிலும் கடையிலும்

1. உணவுக் கழிவை இரவில் திறந்த வெளியில் கிடக்க விடாதீர்கள்.

2. மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

3. கட்டைவிரல் பருமனுள்ள துளை எலிக்குப் போதும். பென்சில் பருமனுள்ள துளை சுண்டெலிக்குப் போதும். துளைகளைச் சிமெண்டால் அடைத்து, கதவின் அடியில் தகரம் அடித்து, சாக்கடை வாயில் கம்பி வலை பொருத்துங்கள்.

4. எலி சுவரோரமாகவே ஓடும். பொறியையும் சுவரோரமாகவே வையுங்கள். தேங்காய்த் துண்டு அல்லது கருவாடு நல்ல இரையாகும்.

வயலில்

அகன்ற வரப்பு எலிக்கு வசதியான வீடு. வரப்புகளைக் குறுகலாக அமைத்துப் புல் பூண்டின்றி வைத்திருக்கவும். ஆந்தை, கூகை அமரக் குச்சிகள் நடவும். சாரைப்பாம்பைக் கொல்ல வேண்டாம். தஞ்சாவூர்க் கிட்டியை நெல் பொதிப் பருவத்திற்கு முன்பே வைப்பது நலம்.

நச்சு உணவு: எச்சரிக்கை

துத்தநாகப் பாஸ்பைடு 1 பங்குடன், சிறிது எண்ணெய் தடவிய அரிசிக் குருணை 49 பங்கு கலக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் மருந்து கலக்காத இரையை வைத்துப் பழக்கிய பின்னரே நச்சு இரையை வைக்கவும். கையுறை அணிந்து, குச்சியால் கலக்கவும். மறுநாள் காலை மீதியையும் செத்த எலிகளையும் ஆழப் புதைக்கவும். அரைகுறையாகத் தின்று தப்பிய எலி மீண்டும் அதைத் தொடாது. ஆகவே அடுத்த முறை புரோமடியோலோன் 0.005 சத வில்லைகளைப் பயன்படுத்தலாம்.

துத்தநாகப் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டிற்குள் வைக்கவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையோ ஈரலை அழித்து உயிரையே குடிக்கும். அதற்கும் மாற்று மருந்து இல்லை. தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை உண்டு. பழைய பசைக் குழாய் ஏதும் வீட்டுப் பரணில் இருந்தால் இன்றே அகற்றுங்கள். எலிக்கு வைத்த நஞ்சு குழந்தையின் கைக்குப் போய்விடக் கூடாது.

நஞ்சில்லா முறை

நமது திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் இருளர் மக்கள் எலி பிடிப்பதில் வல்லவர்கள். எல்லா வளை வாய்களையும் கண்டு அடைத்து, ஒன்றில் மட்டும் புகையூட்டி, பின் தோண்டிப் பிடிப்பார்கள். முன்பு மண்பானையில் வைக்கோலை எரித்து வாயால் ஊதியதால் கையும் உதடும் சுட்டு, புகை நெஞ்சை அடைத்தது. கையால் சுழற்றும் இரும்புப் புகையூட்டியை இருளர் குடும்பங்களுக்கு வழங்கும் திட்டம் ஒன்று 2003ஆம் ஆண்டில் உலக வங்கியின் போட்டியில் பரிசு பெற்றது. இம்முறையால் கால்நடைக்கோ பறவைக்கோ கேடில்லை. உரிய கூலி கொடுத்து அவர்களை அழைப்பது இரு தரப்புக்கும் நன்மையாகும்.

ஒன்றுபட்டால் வெற்றி

ஒருவர் வயலில் மட்டும் ஒழித்தால் பக்கத்து வயல் எலி அங்கே குடியேறும். ஆகவே அறுவடை முடிந்த கோடையில், வயல்காரர்களும் கடைக்காரர்களும் கூடிப் பேசி, ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் எலி ஒழிப்பை மேற்கொள்ளுங்கள். உழைத்து விளைவித்த நெல் எலி வளைக்குப் போகாமல் நம் குதிருக்கு வந்து சேரட்டும்!