ஒரே விகித வரியும் ஜகாத்தும்

ஆங்கிலேயர் ஆட்சியில் தூத்துக்குடிக் கரைக்கு வந்த முத்துச் சிப்பிகள் மூன்று கூறுகளாக்கப்பட்டன. இரு கூறுகள் அரசுக்கு. எஞ்சிய ஒன்றே குளித்தோருக்கு. நூறு சிப்பி எடுத்தவரும் ஆயிரம் எடுத்தவரும் அதே விகிதத்தையே இழந்தனர். ஒரே விகித வரி என்பதன் பொருள் இதுதான்: தொகை கூடும், விகிதம் மாறாது.

வருமானத்தின் மீது இம்முறையை எஸ்தோனியா 1994இல் 26 சதவீதமாகவும், ரஷ்யா 2001இல் 13 சதவீதமாகவும் ஏற்றன. ரஷ்யா 2021இல் உயர் வருவாயினருக்கு 15 சதவீதம் விதித்து அதிலிருந்து விலகியது. நம் நாட்டிலோ 1860இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த முதல் வருமான வரியே 2, 4 என இரு விகிதங்களுடன்தான் பிறந்தது.

விகிதம் ஒன்றாயினும் விலக்கு வரம்பு இருப்பின் சுமை ஒன்றாகாது. இரண்டு லட்சத்திற்கு விலக்களித்து மீதிக்கு 10 சதவீதம் விதித்தால், மூன்று லட்சம் ஈட்டுபவர் பத்தாயிரம் செலுத்துவார். அது அவர் வருவாயில் 3.33 சதவீதமே. பத்து லட்சம் ஈட்டுபவர் எண்பதாயிரம், அதாவது 8 சதவீதம் செலுத்துவார். விலக்கில்லாத முத்துப் பங்கீட்டில் இந்த நிவாரணம் இல்லை.

ஜகாத் நாற்பதில் ஒன்று என்பதால் இஸ்லாம் ஒரே விகித வரியையே ஆதரிக்கிறது எனச் சிலர் எழுதுகின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. அந்த 2.5 சதவீதம் ஈட்டிய வருமானத்தின் மீதன்று. நிஸாபை எட்டி ஓராண்டு தங்கிய செல்வத்தின் மீது. செலவிடும் இனங்களும் எட்டு என வரையறுக்கப்பட்டவை. அரசின் பொதுக் கஜானாவுக்குரிய வரியோடு அதனை எப்படி ஒப்பிடுவது?

மேலும், விளைபொருளில் விகிதமே இரண்டு. மழையாலோ தாமிரபரணிக் கால்வாய் போலத் தானே பாயும் நீராலோ விளைந்த நெல்லுக்குப் பத்தில் ஒன்று; கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. சாயர்புரத்தில் மோட்டார் வைத்து இறைப்பவருக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும். உழைப்பும் செலவும் கூடக் கடமை பாதியாகிறது. விவசாயி செல்வரா, எளியவரா என்பது இங்கே அளவுகோலன்று.

முத்து விஷயத்தில் இமாம்கள் வேறுபட்டனர். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஐந்தில் ஒன்று என்றார். அவருடைய ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஏதுமில்லை என்றார். நம் கரையோர மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் கடலிலிருந்து எடுத்த முத்தின் மீது ஜகாத் இல்லை. அதனை வாங்கி விற்கும் வணிகரின் சரக்குக்கே நாற்பதில் ஒன்று உண்டு.