நகர பரிபாலனம் – 9: அபராதம் யாரைச் சேர வேண்டும்?

சென்ற வாரம் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பதன் அவசியத்தைப் பற்றிப் பேசினோம். இவ்வாரம், இரவோடிரவாக லாரியேறிச் சேரக் கூடாத இடத்தில் போய்ச் சேரும் கட்டடக் கழிவைப் பற்றியும், அதைக் கொட்டுவோர் மீது ஸ்தல ஸ்தாபனங்கள் விதிக்கும் அபராதத்தைப் பற்றியும் விசாரிப்போம்.

சென்னைப் புறநகரின் ஏரிக்கரைகளில் விடியற்காலையில் நடந்து பார்ப்பவர்களுக்கு, உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் காரையும் பெயர்த்தெடுத்த மொசைக் தரையும், அவற்றினிடையே பாதி நொறுங்கிய கழிவறைப் பீங்கானுமாக, முந்தின இரவு டிப்பர் லாரி சரித்துவிட்டுப் போன குவியல்கள் தென்படும். நீர் நிற்க வேண்டிய இடத்தில் இடிபாடு நிற்கிறது. ஐப்பசியில் அந்த நீர் தெருவுக்குள் வருகிறது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2016-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஸ்தலத்திலேயே அபராதம் வசூலிப்பதற்குத் துணைவிதிகள் இயற்றுமாறு உள்ளாட்சிகளைப் பணித்தன. அதே வருஷத்துக் கட்டடக் கழிவு விதிகளோ, நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரே வேலையில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குவோர், அதை அப்புறப்படுத்தும் திட்டத்தை முன்னதாகவே சமர்ப்பித்து அனுமதி பெற வேண்டும் என்று நிர்ப்பந்தித்தன. சென்னை மாநகராட்சி 2024-இல் பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தி, அதை அங்கேயே வசூலிக்க அதிகாரிகளின் கையில் கருவியும் கொடுத்தது.

ஆனால் தொகையை உயர்த்திவிட்டால் மட்டும் கொட்டுகிற கை நின்றுவிடாது. வீட்டை இடிப்பவர் மேஸ்திரியிடம் மொத்தமாக ஒரு தொகை பேசிவிட்டு ஒதுங்குகிறார். மேஸ்திரி நடைக்கு இவ்வளவு என்று லாரிக்காரரிடம் பேசுகிறார். லாரிக்காரருக்கோ, எவ்வளவு கிட்டத்தில் கொட்டுகிறாரோ அவ்வளவுக்கு டீசல் மிச்சம். என்றைக்கோ ஓர் இரவு பிடிபட்டு அவர் கட்டும் அபராதம், டீசலைப் போல டயரைப் போல இன்னொரு செலவாகி, அடுத்த நடையின் வாடகையில் ஏறிவிடுகிறது. கழிவுக்கு மூலகாரணமானவருக்கு விஷயமே தெரிவதில்லை.

ஆகவே தண்டனை லாரியோடு நில்லாமல், அந்த இடிபாடு புறப்பட்ட மனைக்கும் போய்ச் சேர வேண்டும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இறக்கியதற்கான எடைச் சீட்டைக் காட்டாத எவருக்கும் பணி நிறைவுச் சான்றிதழ் கிடையாது என்று ஸ்தல ஸ்தாபனங்கள் திடசித்தத்தோடு நின்றால், ஆயிரம் இரவு ரோந்துகள் சாதிக்காததை அந்த ஒற்றைச் சீட்டு சாதிக்கும். குளியலறையை மட்டும் புதுப்பிக்கிற சாமானியருக்கு, நாலு மூட்டை இடிபாட்டைப் போட நடந்து போகிற தூரத்தில் ஓர் இடமும் வேண்டும். நேர்வழியைத் திறந்து வைத்த பிறகு விதிக்கப்படுகிற அபராதமே நியாயமானது; அதன் பின் அதில் தாட்சண்யம் காட்டுவது குற்றம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் ஒரு சுவரை இடித்தாலும், இடிபாடு எங்கே போயிற்று என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்; எடைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.