பூட்டு நம் ஊர்ப் பூட்டு, கீல் எந்த ஊர்க் கீல்?

நமது திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது நாம் எல்லோரும் அறிந்ததே. மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்து, எடை பார்த்து, சாவியை நாலு தடவை திருப்பிப் பார்த்து, உள்ளே லீவர் எத்தனை என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். அதே ஆள் கீல் வாங்க வந்தால், "நாலு அங்குலத்தில் ஆறு கொடுங்க, விலை குறைச்சலாப் பார்த்துக் கொடுங்க" என்கிறார். இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கதவு ஒரு பக்கம் பூட்டை நம்பியும் மறுபக்கம் கீலை நம்பியும் நிற்கிறது. திருட வருகிறவன் எந்தப் பக்கம் இளைத்திருக்கிறது என்றுதான் பார்ப்பான்.

வத்தலக்குண்டு ரோட்டில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் குடோனில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. கதவு மட்டும் மறுபக்கமாகத் திறந்து கிடக்கிறது. ஏலக்காய் மூட்டையும் மிளகு மூட்டையும் போய்விட்டன. கீலின் நடுக்கம்பியைக் கீழிருந்து ஆணி வைத்துத் தட்டி மேலே உருவியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை.

கடைக்கு இப்போது பெரும்பாலும் ஷட்டர் வந்துவிட்டது. குடோனும் கொல்லைப்புறமும் இன்னும் கீல் கதவுதான். உள்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீலின் உருளை உள்ளே இருக்கும், பயமில்லை. ஆனால் குடோனில் மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கிறோம். அப்போது உருளையும் கம்பியும் தெருவைப் பார்த்து நிற்கின்றன. உங்கள் கதவு எந்த வகை என்று இன்று சாயங்காலமே பாருங்கள். வெளிப்பக்கம் என்றால், கம்பியின் இரண்டு முனையும் அடித்துத் தட்டையாக்கப்பட்ட கீலாக மாற்றுங்கள். அதோடு ஆசாரியிடம் இன்னொரு வேலையும் சொல்லுங்கள். கீல் இருக்கும் பக்கத்துக் கதவு விளிம்பில் தடித்த இரும்புக் குச்சி இரண்டை அரை அங்குலம் வெளியே நீட்டி இறக்கி, நிலையில் அதற்கு நேராகத் துளை போடச் சொல்லுங்கள். கதவைச் சாத்தினால் குச்சி துளைக்குள் உட்கார்ந்துவிடும். பிறகு கம்பியை உருவினாலும் கதவு அசையாது. கூலியோடு சேர்த்தாலும் ஒரு நல்ல பூட்டின் விலை ஆகாது.

பூட்டு தொங்குகிற கொண்டியும் இதே கதைதான். திருகாணியின் தலை வெளியே தெரிந்தால் திருப்புளி வைத்திருப்பவனுக்குப் பூட்டு ஒரு பொருட்டல்ல. கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, உள்பக்கம் நட் முடுக்க வேண்டும்.

அடுத்து எலி. எலிக்கும் கீலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மூன்றடி அகலமும் நாற்பது கிலோ எடையும் உள்ள கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாரம் நடுவில், அதாவது கீலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் ஐந்தடி இடைவெளி இருந்தால், மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கும் இழுப்பு பன்னிரண்டு கிலோ. இடைவெளி மூன்றடிதான் என்றால் அதே கதவு இருபது கிலோ இழுக்கும். இது இரவும் பகலும் நிற்காத இழுப்பு. மேல் கீலின் திருகாணி கொஞ்சம் தளர்ந்தாலும் கதவு தொங்கும். பூட்டுப் பக்கம் கதவின் அடி தரையைத் தேய்க்கும், மேல் மூலையில் சந்து விடும். தரையைத் தேய்க்கிறதே என்று கதவின் அடியைச் செதுக்கிவிடுகிறோம். அந்த வழியாகத்தான் எலி உள்ளே வந்து பருப்பு மூட்டையில் குடித்தனம் நடத்துகிறது. செதுக்குவதற்கு முன் மேல் கீலைப் பாருங்கள்.

ஏழடிக் கதவுக்கு மூன்று கீல் வேண்டும். கனமான கதவுக்கு ஐந்து அங்குலக் கீல் போடுவது நல்லது. மூன்றாவதைச் சரிநடுவில் வைத்தால் பலகை வளையாமல் காக்கும். கதவு மிகக் கனம் என்றால் மேல் கீலுக்கு ஓரடி கீழே வைப்பதே பாரத்துக்கு உதவும். சில ஆசாரிகள் அவசரத்தில் திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசிச் சுற்றை மட்டும் முடுக்குவார்கள். அப்படி அடித்தால் மரத்தின் நார் கிழிந்துவிடும், மரை பிடிக்காது. சிறு துளை போட்டு முழுக்கத் திருகச் சொல்லுங்கள். கூட நின்று பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தரம் பார்க்க நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, தராசு நம் கையில் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு கீலை எடை போட்டால் தகடு எது மெல்லியது என்று தெரிந்துவிடும். இரும்புக் கீலுக்கு ஐ.எஸ். 1341 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. பித்தளை போன்றவற்றுக்கு ஐ.எஸ். 205. கேட்டு வாங்குங்கள். உப்பு, புளி, கருவாடு வைக்கும் அறைக்குச் சாதா இரும்பு ஆகாது, துரு தின்றுவிடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு போடலாம். பித்தளைக் கீலுக்குத் திருகாணியும் பித்தளையாகவே இருக்கட்டும். இரும்பைப் போட்டால் உப்பு ஈரத்தில் திருகாணிதான் முதலில் அரிக்கும், கீல் பளபளவென்று இருக்கும்போதே கதவு கையோடு வரும்.

கல்லாப்பெட்டி மூடிக்கு நீளம் முழுவதும் ஓடுகிற பியானோ கீல் ஒன்றே போதும், மூடி கோணாது. புது மாதிரி அலமாரிகளில் 35 மில்லிமீட்டர் குழி வெட்டி உள்ளே பதிக்கும் மறைவுக் கீல் வருகிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் மரத்தூள் பலகையில் ஈரம் ஏறினால் பலகை ஊதி, திருகாணியின் பிடி விட்டுவிடும். தினமும் நூறு தடவை திறக்கும் கடை அலமாரிக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

கீல் கிறீச்சிட்டால் பலசரக்குக் கடையில் எண்ணெய்க்கா பஞ்சம் என்று கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விடுகிறார்கள். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டு நாளாக ஆகப் பிசினாகி, மாவுத் தூசியையும் சேர்த்துக்கொண்டு இறுகிவிடும். எறும்பும் வரும். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பூட்டுக்கும் சமையல் எண்ணெய் வேண்டாம். பென்சில் கரியைச் சுரண்டிச் சாவித் துவாரத்தில் போட்டால் போதும்.