கனடாவில் காசு இல்லாமல் இங்கிலீஷ் வகுப்பு: குடியுரிமை வாங்கும் முன்பே சேர்ந்திடணும்!

மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப் போய் வைத்துக் கொள்கிறான். ஊரில் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அங்கே போன பிறகுதான் கஷ்டம் தெரியும். பிள்ளைகள் வேலைக்கு கிளம்பியதும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். பஸ் ஏற பயம். எங்கே வலிக்குது என்று டாக்டரிடம் சொல்ல பேரன் துணைக்கு வரணும். காரணம், இங்கிலீஷ் பேச வராது.

இப்படிப்பட்டவர்களுக்காக கனடா மத்திய அரசு 1992-ம் ஆண்டு முதல் இலவச மொழி வகுப்பு நடத்தி வருகிறது. இதன் பெயர் 'லிங்க்'. கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. பாஸ்போர்ட்டில் என்ன விசா இருக்கிறது என்பதை வைத்துத்தான் கதவு திறக்கும்.

யாருக்கு இலவசம்?

பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்பு அனுமதி பெற்றவர்களும், அகதி என்று கனடா ஏற்றுக் கொண்டவர்களும் சேரலாம். பள்ளிக்கூட வயதை தாண்டியிருக்க வேண்டும்.

வேலை விசா, படிப்பு விசா, சுற்றுலா விசாவில் போனவர்களுக்கு இந்த வகுப்பு கிடையாது. இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. பெற்றோரை 'சூப்பர் விசா'வில் அழைத்தால் ஒரே தடவையில் 5 ஆண்டு வரை தங்கலாம். ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் அவர்கள் விருந்தாளிகள்தான். லிங்க் வகுப்பில் சேர முடியாது. அதே பெற்றோரை மகன் ஸ்பான்சர் செய்து பி.ஆர். கிடைத்து விட்டால் சேரலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கனடா குடியுரிமை வாங்கி விட்டால் அதோடு லிங்க் வகுப்புக்கான தகுதி போய்விடும். "குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்" என்று தள்ளிப் போடும் பெண்கள் குடியுரிமை வாங்கிய பிறகு போய் கேட்டால் கையை விரித்து விடுவார்கள். விதிகளும் அப்பப்போ மாறும். அதனால் பி.ஆர். கிடைத்த கையோடு சேர்ந்து விடுவதுதான் புத்திசாலித்தனம்.

சேருவது எப்படி?

நேராக வகுப்புக்கு போய் உட்கார முடியாது. முதலில் மொழி மதிப்பீட்டு மையத்துக்கு பி.ஆர். கார்டை எடுத்துக் கொண்டு போக வேண்டும். பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது என நான்கையும் சோதித்து பார்ப்பார்கள். இதுவும் இலவசம். பாஸ், பெயில் எதுவும் கிடையாது. எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பார்த்து அதற்கேற்ற வகுப்புக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூட பக்கமே போகாதவர்களுக்கு எழுத்து கற்றுக் கொடுப்பதில் இருந்து தொடங்கும் வகுப்பும் உண்டு.

பகல், மாலை, ஆன்லைன் என்று பல விதமாக வகுப்பு நடக்கிறது. கைக்குழந்தையோடு வரும் அம்மாக்களுக்காக சில மையங்களில் பிள்ளையை பார்த்துக் கொள்ள ஆள் இருப்பார்கள். இலக்கண பாடம் மட்டும் இல்லை. டாக்டரிடம் பேசுவது, வாடகை வீடு தேடுவது, பேங்க் பாரம் நிரப்புவது, வேலைக்கு இன்டர்வியூ போவது என்று அன்றாடம் தேவைப்படுவதையே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சான்றிதழுக்கும் மதிப்பு

குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் பேசவும் கேட்கவும் 4-ம் நிலை அளவுக்கு இங்கிலீஷ் அல்லது பிரெஞ்சு தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். இதற்காக சிலர் பணம் கட்டி தனியாக பரீட்சை எழுதுகிறார்கள். லிங்க் வகுப்பில் அந்த நிலையை முடித்த சான்றிதழையே ஆதாரமாக காட்டலாம். பரீட்சை பணம் மிச்சம். 55 வயதை தொட்டவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை.

இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

தமிழர்கள் அதிகம் வசிக்கும் டொரோண்டோ, ஸ்கார்பரோ பகுதிகள் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ளன. அந்த மாகாண அரசு தன் செலவில் நடத்தும் வகுப்புகளில் வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை வாங்கியவர்களும் சேரலாம். சூப்பர் விசாவில் போன பெற்றோர் டொரோண்டோ பொது நூலகத்தில் நடக்கும் இலவச பேச்சு பயிற்சிக்கு போகலாம்.

மான்ட்ரியல் நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் கதையே வேறு. அங்கே பிரெஞ்சுதான் ஆட்சி மொழி. அதை சொல்லிக் கொடுக்க 2023 ஜூன் மாதம் தனி அமைப்பே தொடங்கப்பட்டது. தற்காலிக வேலை விசாவில் போனவர்களுக்கும் அங்கே இலவசமாக இடம் உண்டு.

பிள்ளைகளை பார்க்க கனடா போக மூட்டை கட்டும் பெற்றோர் டிக்கெட் எடுக்கும் முன்பே "எங்களுக்கு எந்த விசா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கொள்வது நல்லது. இலவச வகுப்பில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், பத்து பைசா கூட கொடுக்க வேண்டியதில்லை.