அழித்த பிறகும் குறையாத வாடகை

ஏலக்காய் ஏலம் கிளவுடுக்கு ஏறிவிட்டது. இடுக்கியின் புற்றடி, தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஆகிய இரண்டு ஏல மையங்களையும் ஸ்பைசஸ் போர்டு 2021-இல் கிளவுட் மென்பொருளால் இணைத்தது. ஏலப்பாறைப் பக்கம் விளைந்த காய் புற்றடிக்கு வந்தால், போடி வியாபாரி மலை ஏறாமலே விலை கேட்கலாம்.

இப்படியொரு ஏலக் கணக்கு அமேசானின் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் டேட்டாபேஸ் சேவையில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு லாட்டுக்கும் வியாபாரிகள் ஏற்றிக் கேட்கும் ஒவ்வொரு விலையும் டேபிளில் ஒரு வரி. பழைய ஆண்டுகளின் வரிகளை டெலீட் செய்தாயிற்று. டிஸ்க்கில் பிடித்த இடம் மட்டும் குறையவே இல்லை.

காரணம் இதுதான். அழித்த வரியை போஸ்ட்கிரெஸ் உடனே தூக்கி எறியாது. அந்த நேரத்தில் வேறொருவர் பழைய நிலையைப் படித்துக்கொண்டிருக்கலாம். பின்னால் வரும் 'வாக்யூம்' என்ற துப்புரவு வேலை அந்த இடத்தைப் புது வரிகளுக்கு ஒதுக்கி வைக்கும், அவ்வளவே. ஃபைலின் கடைசிப் பகுதி முழுக்கக் காலியாக இருந்தால்தான் அதை வெட்டி டிஸ்க்குக்குத் திருப்பிக் கொடுக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் காலிசெய்தால் இன்னொரு குடும்பம் குடிவரலாம். அதற்காக லயம் சின்னதாகிவிடாது.

'வாக்யூம் ஃபுல்' டேபிளைப் புதிதாக எழுதிச் சுருக்கும். ஆனால் முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. புதுப் பிரதிக்கு டிஸ்க்கில் தனி இடமும் வேண்டும். இடம் தீர்ந்தபின் இதைத் தேடி ஓடுவது வீண். ஏலம் நடக்கும் நாளில் தொடவே கூடாது. அதைவிட 'பிஜி ரீபேக்' என்ற கூடுதல் கருவி மேல்: தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்ச நேரம்தான் பூட்டும், டேபிளுக்கு ப்ரைமரி கீ போன்ற ஒன்று இருக்க வேண்டும், காலி இடமும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் பில் குறையாது! ஆர்டிஎஸ்ஸில் கட்டணம் ஒதுக்கிய ஜிபிக்கு, நிரம்பியதற்கு அல்ல. ஒதுக்கியதைக் கூட்டுவது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் குறைக்க வழியில்லை. சின்ன டிஸ்க்கோடு புது டேட்டாபேஸ் திறந்து, எல்லாத் தரவையும் அங்கே மாற்ற வேண்டும். ஓரிரு சீசனில் மறுபடி நிரம்பிவிடும் என்றால் இந்தப் பாடு வேண்டாம் என்பேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆண்டுவாரியாகப் பார்ட்டிஷன் பிரித்துவிடலாம். வேண்டாத ஆண்டை டிராப் செய்தால் ஃபைலே போய்விடும், வாக்யூமுக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த ஆண்டின் கேட்புகள் அதே டிஸ்க்கில் அடங்கும்.