பஸ் எந்தச் சாலையில் ஓடும்?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பெருஞ்சாலையில் கிருஷ்ணன்கோவில் ஒரு முக்கியமான சந்திப்பு. வத்திராயிருப்புக்குச் சாலை பிரிவது இங்கேதான். பெருஞ்சாலையில் நிற்பவருக்கு ஒரு பஸ் தவறினால் மற்றொன்று வரும். கிளைச்சாலைக் கிராமவாசிக்கோ, தவறிய பஸ்ஸுடன் அன்றைய கூலியும் போய்விடக்கூடும். பஸ் தொழிலைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிடலாமா என்ற கேள்வியை இந்தச் சந்திப்பில் நின்று யோசிப்பது நலம்.

"யார் வேண்டுமானாலும் பஸ் விடட்டும், போட்டியினால் கட்டணம் குறையும், சௌகரியம் பெருகும்" என்கிறார்கள் சிலர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால், பிரிட்டன் இந்தப் பரீட்சையை முன்னமே செய்து பார்த்துவிட்டது. அங்கே 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 1986 அக்டோபர் 26 முதல் லண்டன் நீங்கலாக மற்றப் பகுதிகளில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. லாபமுள்ள வீதிகளில் பஸ்ஸைப் பஸ் துரத்தியது. லாபமற்ற வழிகளில் ஸ்தல சபைகள் பணம் கொடுத்துப் பஸ் ஓட்டச் செய்ய நேர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில், கட்டுப்பாடு நீடித்த லண்டனில் பிரயாணிகள் பெருகினார்கள். மற்ற ஊர்களில் குறைந்தார்கள். மான்செஸ்டர் மாநகரப் பிரதேசம் 2023 செப்டம்பரில் ஆரம்பித்து, 2025 ஜனவரிக்குள் தன் பஸ்களைத் திரும்பவும் பொது அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது.

நம் தேசத்தில், 1989 ஜூலையில் அமுலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட் கொடுப்பதைத் தாராளமாக்கிற்று. எனினும், சர்க்கார் பஸ்களுக்கென்று ஒதுக்கிய வழிகளைத் தமிழ்நாடு கைவிடவில்லை. அதற்காகச் சர்க்கார் பஸ் எல்லாக் கிராமங்களையும் எட்டிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே 1997-ல் தனியார் மினி பஸ் திட்டம் பிறந்தது. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் ஒரு வழியின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். ஆனால் அதில் 65 சதவிகிதமாவது பஸ் வசதியில்லாத பாதையாக இருக்கவேண்டும். இந்த நிபந்தனைதான் திட்டத்தின் உயிர்நாடி. இது தளர்ந்தால், மினி பஸ்ஸும் கூட்டம் நிற்கும் பெருஞ்சாலையைத்தானே நாடும்?

மற்றொரு விஷயம். 2021 மே மாதத்தில் தொடங்கிய மகளிர் இலவசப் பிரயாணம் சர்க்காரின் சாதாரண நகரப் பஸ்களுக்கு உரியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சலுகையும் சர்க்கார் பஸ்ஸைச் சேர்ந்ததே. "மினி பஸ் வந்துவிட்டதே" என்று ஒரு கிராமத்துச் சர்க்கார் பஸ்ஸை நிறுத்தினால், களை பறிக்கப் போகும் பெண்ணும் புத்தகப்பை தூக்கும் சிறுமியும் மறுநாள் முதல் காசு கொடுக்க வேண்டும். வழி திறந்ததாகக் கணக்கில் இருக்கும். அவர்களுக்கோ வழி அடைபட்டிருக்கும்.

ஆகையால் மினி பஸ் வரட்டும், வரவேற்போம். ஆனால் அது சர்க்கார் பஸ்ஸுக்குத் துணையாக வரட்டும், பதிலாக வரவேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேர அட்டவணை எழுதப்படட்டும். காலை முதல் நடையும் இரவுக் கடைசி நடையும் தவறினால் பர்மிட்காரர் பதில் சொல்லட்டும். இவற்றைக் கிராமசபைகளில் தீர்மானமாக நிறைவேற்றிக் கேட்பது பொதுஜனங்களின் உரிமை, கடமையுங்கூட.